தட்டொலிக்கு ஓடி வந்த ஐந்து குட்டிகள்

கட்டுக்கலை, கண்டி
8 மார்ச் 1931

ஜவாஹிர் முதலாளி அவர்களுக்கு,

குட்டியை உங்கள் கையில் தந்து ஆறு கிழமை முடிந்துவிட்டது. பதினைந்து நாளுக்கு ஒரு கடிதம் என்று ஒப்புக்கொண்டவர் நீங்கள். எனக்கு வந்தது ஒரேயொரு தபால் அட்டை. அதில் "நாய் சுகம், நாங்களும் சுகம்" என்று நாலு சொல். நோன்பு மாதம் என்று பொறுத்திருந்தேன். பெருநாளும் போய்விட்டது.

நான் நாய்க்குட்டி வியாபாரி இல்லை என்று உங்களுக்கு அன்றே சொன்னேன். பகல் முழுவதும் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு வந்து, என் நாய் டெய்சி ஈன்ற ஐந்து குட்டிகளையும் பதினொரு கிழமை என் கையால் வளர்த்தேன். கேட்டவருக்கெல்லாம் கொடுக்கவில்லை. ஒவ்வொரு வீட்டையும் போய்ப் பார்த்த பிறகுதான் கொடுத்தேன். உங்களுக்குக் கொடுப்பதற்குத்தான் அதிகம் யோசித்தேன். நாயைத் தொடாத வீட்டில் நாய்க்குட்டியா என்று என்னோடு படிப்பிக்கும் ஆசிரியைகள் எல்லோரும் கேட்டார்கள். நீங்கள் மூன்று தரம் திகனவிலிருந்து பஸ் ஏறி வந்தீர்கள். கொக்கோ ஸ்டோரில் எலித்தொல்லை தாங்கவில்லை என்றீர்கள். முன்பு தோட்டத்தில் துரையின் நாய்களைப் பார்த்த அழகமுத்து என்ற ஆள் உங்கள் ஸ்டோரில் இருக்கிறார், அவர் பார்த்துக்கொள்வார் என்றீர்கள். அந்த அழகமுத்துவை நம்பித்தான் தந்தேன்.

நீங்கள் கையெழுத்திட்ட தாள் என் அலுமாரியில் இருக்கிறது. குட்டியை வைத்திருக்க முடியாமற் போனால் என்னிடமே திருப்பித் தரவேண்டும், வேறு எவருக்கும் கொடுக்கக்கூடாது என்று அதில் இருக்கிறது.

குட்டி பொபி என்ன சாப்பிடுகிறான்? பூச்சி மருந்து கொடுத்தீர்களா? பகலில் கட்டிப்போடுகிறீர்களா? எனக்கு மனம் ஒரு நிலையில் இல்லை. உடனே எழுதுங்கள்.

செசிலியா இராஜரத்தினம்

*

திகன
12 மார்ச் 1931

மதிப்புக்குரிய டீச்சர் அவர்களுக்கு,

இறைவன் உதவியால் நானும் ருக்கியாவும் சுகம். தாங்களும் சுகமாயிருக்க வேண்டும். கடிதம் எழுதாதது என் பிழைதான். பேசவிட்டால் எனக்கு ஒரு நாள் போதாது, பேனையைப் பிடித்தால் கை வலிக்கிறது. அட்டையில் நாலு சொல் என்று எண்ணிவிட்டீர்கள். உங்களிடம் படிக்கும் பிள்ளைகளை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

குட்டி சோறும் இறைச்சித் துண்டும் சாப்பிடுகிறது. மருந்து கொடுத்தாயிற்று. கட்டிப்போடவில்லை. போன செவ்வாய்க்கிழமை முதலாவது எலியைப் பிடித்தது. பெருச்சாளி என்று எழுத ஆசைதான், ஆனால் சுண்டெலி. அதற்கே அழகமுத்து தன் மகன் பரீட்சை பாஸ் பண்ணியது போல ஊரெல்லாம் சொல்லிவிட்டான்.

ஒரு முறைப்பாடும் உண்டு. கூப்பிட்டால் வருவதில்லை. பொபி என்று கூப்பிட்டுப் பார்த்தேன். அழகமுத்து வைத்த பெயர் வெள்ளையன், அப்படியும் கூப்பிட்டேன். வா, வாங்கோ, கம் என்று மரியாதையை ஏற்றியும் இறக்கியும் பார்த்தேன். முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. நீங்கள் யாழ்ப்பாணத்தவர். உங்கள் வீட்டுப் பேச்சைக் கேட்டு வளர்ந்ததற்கு எங்கள் பேச்சுப் பிடிபடவில்லை என்பது என் எண்ணம். ருக்கியாவின் எண்ணம் வேறு. "அது இங்கிலீஷ் நாய். டீச்சர் இங்கிலீஷ்ல பேசித்தான் வளத்தீப்பாங்க" என்கிறாள். ஆகவே நீங்கள் பயன்படுத்திய சொற்களைப் பட்டியலாக எழுதி அனுப்பினால் நானே பாடமாக்கிக்கொள்வேன்.

எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும். அதன் எச்சில், ஈரம் பட்டால் ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண்ணோடு. ஆகவே எனக்கும் அதற்கும் வாய்ப்பேச்சு ஒன்றுதான் உறவு. அதையும் அது மதிப்பதில்லை.

தூக்கமோ சொல்லி முடியாது. நேற்று லொறிக்காரன் பலகைக் கதவைப் படாரென்று அடித்தான். தெருமுனையில் போன பால்காரன் திரும்பிப் பார்த்தான். இவன் கண்ணைத் திறக்கவில்லை. காவல் நாய்க்கு இது அழகா என்று நீங்களே சொல்லுங்கள்.

மு. ஜவாஹிர்

*

கட்டுக்கலை
14 மார்ச் 1931

ஜவாஹிர் முதலாளி அவர்களுக்கு,

நான் பயன்படுத்தியது மூன்றே சொல். "இஞ்ச வா", "இரு", "விடு". ஆனால் இது சொல்லின் பிரச்சினை இல்லை. குரல் உயர்ந்தால் எந்த ஊர்க் குட்டியும் திரும்பிப் பார்க்கும்.

லொறிக்காரன் கதவடித்ததை நீங்கள் வேடிக்கையாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பகுதியை நான் பல தரம் வாசித்துவிட்டேன்.

தயவுசெய்து ஒரு காரியம் செய்யுங்கள். குட்டி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அதற்குத் தெரியாமல் பின்னால் நின்று யாராவது ஒரு பாத்திரத்தைப் பலமாகத் தட்டவேண்டும். நிலத்தில் காலை உதைக்கக்கூடாது, அதிர்வு அதற்குத் தெரிந்துவிடும். நிழல் அதன்மேல் விழக்கூடாது. காது அசைகிறதா என்று மட்டும் பாருங்கள். மூன்று வெவ்வேறு நாளில் மூன்று தரம் செய்யுங்கள்.

காரணத்தைப் பிறகு எழுதுகிறேன். இப்போது எழுத எனக்குக் கை வரவில்லை.

செ. இராஜரத்தினம்

*

திகன
19 மார்ச் 1931

டீச்சர் அவர்களுக்கு,

நீங்கள் சொன்னபடி மூன்று நாளும் செய்தோம். முதல் நாள் செப்புப் பானை. இரண்டாம் நாள் கொக்கோ வறுக்கும் தகரம். மூன்றாம் நாள் இரண்டையும் சேர்த்து அடித்தேன். பக்கத்துக் கடை மக்கீன் நானா எங்கே தீப்பிடித்தது என்று ஓடி வந்தார். குட்டி தன் காலை நக்கிக்கொண்டிருந்தது. காது அசையவில்லை.

ருக்கியா வெகு நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். "இதுக்குக் காது கேக்குதில்ல போல ஈக்கி" என்றாள். அவள் சொன்ன பிறகுதான் எனக்கு விளங்கியது. இத்தனை நாள் அதற்கு எந்தத் தமிழ் தெரியும் என்று ஆராய்ந்துகொண்டிருந்த என் புத்தியை என்னவென்று சொல்வது.

அழகமுத்து மட்டும் ஆச்சரியப்படவில்லை. என்னடா விஷயம் என்று கேட்டேன். "மொத வாரமே தெரியுமுங்க மொதலாளி. சொன்னா திருப்பி அனுப்பிருவீங்கன்னு சொல்லல" என்றான். பிறகு உள்ளங்கையைத் தாழ்த்திக் காட்டினான். குட்டி உட்கார்ந்தது. தொடையைத் தட்டினான். ஓடி வந்தது. நான் தொண்டை கிழியக் கத்தியபோதெல்லாம் அது அவன் கையைப் பார்த்துக்கொண்டுதான் நின்றிருக்கிறது.

இனி வேடிக்கை போதும். பொக்ஸ் டெரியர், வம்சப் பத்திரம் உள்ள நாய் என்று தந்தீர்கள். ஒரு முஸ்லிம் கடைக்காரன் போயும் போயும் நாய் வாங்கினான், அதுவும் செவிட்டு நாய் என்று கடைத்தெருவில் சிரிக்கிறார்கள். அதை நான் தாங்குவேன். எனக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான். தெரிந்து தந்தீர்களா?

மு. ஜவாஹிர்

*

கட்டுக்கலை
21 மார்ச் 1931

ஜவாஹிர் முதலாளி அவர்களுக்கு,

தெரியாது. கடவுள் சாட்சியாகத் தெரியாது.

ஆனால் தெரிந்திருக்க வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் நான் எனாமல் தட்டில் கரண்டியால் தட்டுவேன். ஐந்து குட்டிகளும் ஓடி வரும். ஐந்துக்கும் காது நன்றாகக் கேட்கிறது என்று நினைத்தேன். நாலு குட்டி தட்டொலிக்கு ஓடி வந்தன, பொபி அந்த நாலையும் பார்த்து ஓடி வந்திருக்கிறான். ஒவ்வொன்றையும் தனியாக ஒரு அறையில் வைத்து ஒரு தரம் தட்டியிருந்தால் போதும். முகம் முழுவதும் வெள்ளையாக உள்ள குட்டிகளில் இது வரும் என்று நான் புத்தகத்தில் படித்தும் இருக்கிறேன். என் வீட்டுக் குட்டிக்கு வரும் என்று நினைக்கவில்லை.

டெய்சியை எனக்குத் தந்துவிட்டுச் சீமைக்குப் போன துரைசாணி சில விதிகளைச் சொல்லித்தான் தந்தார். அவற்றில் ஒன்று, செவிட்டுக் குட்டியை வளரவிடக்கூடாது என்பது. கார் வருவது அதற்குத் தெரியாது. பாம்பு சீறுவது தெரியாது. தூக்கத்தில் தொட்டால் திடுக்கிட்டுக் கடிக்கும். ஒரு நாள் யாராவது ஒரு பிள்ளையைக் கடிக்கும், அல்லது வதைபட்டுச் சாகும். மிருக வைத்தியர் ஓர் ஊசியில் நோவில்லாமல் முடித்துவிடுவார். இது இரக்கமில்லாத காரியம் இல்லை. பொறுப்பு என்றுதான் இதற்குப் பெயர்.

வருகிற சனிக்கிழமை காலை பஸ்ஸில் கூடையோடு வருகிறேன். உங்கள் பணத்தைத் திருப்பித் தருகிறேன். விருப்பமென்றால் டெய்சியின் அடுத்த ஈற்றில் முதற் குட்டி உங்களுக்குத்தான். அழகமுத்துவிடம் முன்கூட்டிச் சொல்ல வேண்டாம்.

செ. இராஜரத்தினம்

*

கட்டுக்கலை
29 மார்ச் 1931
குருத்து ஞாயிறு

ஜவாஹிர் முதலாளி அவர்களுக்கு,

நேற்று உங்கள் மனைவி எனக்கு இஞ்சித் தேத்தண்ணீரும் தொதல் இனிப்பும் தந்து நல்லபடி உபசரித்தார். அவருக்கு நன்றி. உங்களுக்கு இல்லை.

குட்டியை அழகமுத்து தெல்தெனியவுக்குக் கொண்டு போய்விட்டான், பின்னேரந்தான் வருவான் என்று சொன்னீர்கள். ஸ்டோர் வாசலில் ஈரமான கால் தடங்கள் இருந்தன. பாதி தின்ற சோற்றுத் தட்டில் ஈ மொய்க்கவில்லை. நான் இருபது வருடமாகப் பொய் சொல்லும் பிள்ளைகளோடு இருப்பவள். நீங்கள் பொய் சொல்லும்போது தாடியைத் தடவுகிறீர்கள்.

வெறுங் கூடையோடு பஸ்ஸில் திரும்பி வந்தேன். இன்று பூசையில் குருத்தோலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன், ஒரு வார்த்தை காதில் விழவில்லை. இந்தக் குட்டியால் யாருக்காவது ஏதாவது நடந்தால் அது என் தலையில்தான் விழும். ஊர் உங்களைக் கேட்காது. அந்தக் குட்டியைத் தந்த டீச்சர் யார் என்றுதான் கேட்கும்.

உங்களைத் தவிர மற்ற நாலு பேரும் ஒழுங்காக நடக்கிறார்கள். ஹந்தானைத் தோட்டத்தில் பெரிய துரைக்கு அடுத்த சின்னத்துரையின் கடிதம் முந்தாநாள் வந்தது. குட்டி மிக நலம், நன்றாக ஓடுகிறது என்று எழுதியிருக்கிறார். ஒரு கடிதம் பிந்தியதில்லை. அவரைப் போன்றவர்களுக்கு மட்டும் கொடுத்திருந்தால் எனக்கு இந்த அலைச்சல் இல்லை.

தாளில் கையெழுத்திட்டிருக்கிறீர்கள். குட்டியை அனுப்புங்கள்.

செ. இராஜரத்தினம்

*

திகன
2 ஏப்ரல் 1931

டீச்சர் அவர்களுக்கு,

தாடி விஷயம் ருக்கியாவுக்குத் தெரிந்துவிட்டது. இனி எனக்கு வீட்டிலும் விமோசனம் இல்லை.

பொய் சொன்னேன். ஒப்புக்கொள்கிறேன். குட்டி கொக்கோ மூட்டைகளுக்குப் பின்னால் அழகமுத்துவின் மடியில் இருந்தது, உங்களுக்குப் பத்தடி தூரத்தில். எங்கே குரைத்துக் காட்டிக்கொடுத்துவிடுமோ என்று எனக்கு வியர்த்துக் கொட்டியது. பதினொரு கிழமை கையால் வளர்த்த நீங்கள் வாசலில் நின்று பேசுகிறீர்கள், அது பாட்டுக்கு அவன் சாரத்தின் ஓரத்தைக் கடித்துக்கொண்டிருந்ததாம். உங்கள் குரல் அதற்குக் கேட்கவில்லை. எனக்கு அதைக் கேட்கச் சந்தோஷமாக இல்லை, டீச்சர்.

ஏன் மறைத்தேன் என்று சொல்கிறேன். நீங்கள் வருவதற்கு மூன்று நாள் முன்பு, பகல் லுஹர் தொழுகைக்குக் கை கால் முகம் கழுவி ஒளுச் செய்துகொண்டு வெளியே வந்தேன். லொறி பின்னுக்கு வந்துகொண்டிருந்தது. குட்டி சில்லுக்குப் பின்னால் நிழலில் தூங்கியது. நான் கத்தினேன். இஞ்சின் இரைச்சலில் லொறிக்காரனுக்குக் கேட்கவில்லை. குட்டிக்குக் கேட்கும் பேச்சே இல்லை. அழகமுத்து பின்கட்டில் நின்றான். என்ன செய்யச் சொல்கிறீர்கள்? இரண்டு கையாலும் அள்ளி எடுத்தேன். அது கடிக்கவில்லை. முழித்துப் பார்த்துவிட்டு என் முகத்தையெல்லாம் நக்கியது. ருக்கியா தண்ணீர் ஊற்ற ஏழு தரம் கழுவினேன், ஒரு தரம் மண்ணோடு. சட்டையும் சாரமும் மாற்றினேன். தொழுகை பிந்தியது, ஆனால் தப்பவில்லை. ருக்கியா ஒரு சட்டி மண்ணைக் கொண்டுவந்து முன்வாசலிலேயே வைத்துவிட்டாள். "இனிமேலும் தூக்கத்தானே போறீங்க" என்றாள். ஏற்கெனவே இரண்டு தரம் தூக்கியாயிற்று.

வைத்திருக்க முடியாமற் போனால் திருப்பித் தரவேண்டும் என்பதுதான் தாளில் உள்ளது. என்னால் முடியும். ஆகவே அனுப்பமாட்டேன்.

இனி நான் கேட்கிறேன். அடுத்த ஈற்றில் முதற் குட்டி எனக்கு என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அதே தாயை மறுபடியும் சேர்க்கப் போகிறீர்களா? மற்ற நாலு குட்டிகளுக்கும் காது கேட்கிறதா என்று போய்ப் பார்த்தீர்களா, அல்லது கடிதங்களை வாசித்துத் திருப்திப்பட்டீர்களா? இந்த ஒன்றை ஊசி போட்டுவிட்டால் டெய்சிக்குச் செவிட்டுக் குட்டி பிறந்தது கண்டியில் ஒருவருக்கும் தெரியவராது. அவசரம் குட்டிக்காகவா, உங்கள் பெயருக்காகவா?

கோபத்தில்தான் எழுதுகிறேன். என்றாலும் எழுதியதை வெட்டமாட்டேன்.

மு. ஜவாஹிர்

*

திகன
4 மே 1931

டீச்சர் அவர்களுக்கு,

ஒரு மாதமாகப் பதில் இல்லை. ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்தது. உங்களிடமிருந்து திட்டாவது வரும் என்று தபால்காரனைத் தினமும் பார்க்கிறேன். மிருக வைத்தியரோடோ பொலிஸோடோ வருவீர்கள் என்று அழகமுத்து பஸ் வரும் நேரமெல்லாம் குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான்.

நான் எழுதிய கடைசிப் பகுதி அதிகம். பொம்பளைப் பிள்ளைக்கு இப்படியா எழுதுவது என்று ருக்கியா ஏசினாள். சுகமாக இருக்கிறீர்களா என்று மட்டும் எழுதுங்கள்.

நாய் சுகம்.

மு. ஜவாஹிர்

*

கட்டுக்கலை
17 மே 1931

ஜவாஹிர் முதலாளி அவர்களுக்கு,

நீங்கள் எழுதியது அதிகம் இல்லை. உண்மை. அதனால்தான் பதில் எழுத முடியவில்லை.

டெய்சியை யூன் மாதம் சேர்ப்பதற்குக் கொழும்பில் ஒரு கடுவன் நாயைப் பேசி வைத்திருந்தேன். ஆறு குட்டிக்கு வாக்கும் கொடுத்திருந்தேன். உங்கள் கடிதம் வந்த அன்று அதைக் கிழித்துப்போட எடுத்தேன். பிறகு மடித்து மேசையில் வைத்தேன். ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடத்தால் வந்ததும் அது அங்கே இருந்தது. நாலு குட்டியில் ஒன்றையும் நான் போய்ப் பார்த்திருக்கவில்லை. போனால் தெரிந்துவிடும், தெரிந்தால் சொல்லவேண்டி வரும் என்று பயந்தேன். பொபியை முடித்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று மனதுக்குள் நினைத்தேன். அதற்குப் பொறுப்பு என்று பெயர் வைத்து உங்களுக்கும் எழுதினேன்.

பிறகு சனிக்கிழமைதோறும் புறப்பட்டேன். பேராதனையில் உள்ள குட்டிக்குக் கேட்கிறது. பிலிமத்தலாவை டொக்டர் வீட்டுக் குட்டிக்குக் கேட்கிறது. கட்டுகஸ்தோட்டையில் நான் தகரத்தைத் தட்டியதும் அங்குள்ள குட்டி பயந்து கதிரைக்கு அடியில் ஓடியது. நான் அந்த வீட்டு விறாந்தையில் நின்று அழுதுவிட்டேன். அவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது.

ஹந்தானைக்கு நேற்றுப் போனேன். சின்னத்துரை நல்ல மரியாதையாகக் கதிரை போடச் சொன்னார். குட்டி எங்கே என்று கேட்டேன். அதைச் சுட்டுவிட்டாராம். மார்ச் நடுவில். "கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காத பிடிவாதக்கார நாய், அடித்தும் பார்த்தேன், திருந்தவில்லை" என்றார். அதற்குப் பிறகு எனக்கு மூன்று கடிதம் எழுதியிருக்கிறார். மிக நலம், நன்றாக ஓடுகிறது, நிறை கூடியிருக்கிறது. ஏன் எழுதினீர்கள் என்று கேட்டேன். ஒரு டீச்சரின் மனதை நோகடிப்பானேன் என்றார்.

அதுவும் வெள்ளை முகந்தான். ஐந்தில் இரண்டு. எதற்காக அடி விழுகிறது என்று தெரியாமலேயே அது அடி வாங்கியிருக்கிறது. ஒரு எனாமல் தட்டை எடுத்துக்கொண்டு தனி அறைக்குப் போக நான் பஞ்சிப்பட்டு அலட்சியமாக இருந்ததால் வந்தது. அவர் வீட்டில் பியானோவும் வெட்டிவிட்ட புற்றரையும் இருந்ததைப் பார்த்து மனம் குளிர்ந்து கொடுத்தேன். உங்கள் ஸ்டோரைப் பார்த்து மூன்று தரம் யோசித்தேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

டெய்சி இனி ஈனாது. கொழும்புக்கு எழுதிவிட்டேன். வாக்குக் கொடுத்த ஆறு பேருக்கும், குட்டி வைத்திருக்கும் மூன்று வீட்டுக்கும் காரணத்தை மறைக்காமல் எழுதினேன். சில பேர் இப்போது தெருவில் கண்டும் பேசுவதில்லை. அந்த மூன்று குட்டிகளையும் இனச்சேர்க்கைக்கு விடவேண்டாம் என்று கேட்டிருக்கிறேன். பொபியையும் விடாதீர்கள், அது ஒன்றுதான் உங்களிடம் கேட்பது. அவனைத் திருப்பிக் கேட்கமாட்டேன். நீங்கள் கையெழுத்திட்ட தாளை இத்துடன் வைத்திருக்கிறேன்.

ஒரு தரம் வந்து அவனைப் பார்க்கலாமா? வேண்டாம் என்று நீங்கள் எழுதினாலும் நான் குறை நினைக்கமாட்டேன்.

செசிலியா

*

திகன
20 மே 1931

டீச்சர் அவர்களுக்கு,

கடிதத்தை ருக்கியாவுக்கும் அழகமுத்துவுக்கும் வாசித்துக் காட்டினேன். ஹந்தானைப் பகுதி வந்ததும் அழகமுத்து எழுந்து வெளியே போய்விட்டான். எனக்கும் அந்தக் குட்டியை நினைத்து மனம் ஆறவில்லை. நானும் இரண்டு மாதம் பிடிவாதக்கார நாய் என்றுதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். என் கையில் துவக்கு இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

சனிக்கிழமை வாருங்கள். பகல் சாப்பாடு இங்கேதான், ருக்கியா சொல்லிவிட்டாள். அந்த நேரம் அவன் ஸ்டோர் முற்றத்தில் தூங்குவான். பின்னால் போய்த் தொட்டுவிடாதீர்கள், திடுக்கிட்டுப் போவான். கூப்பிடவும் வேண்டாம். முன்னால் வந்து, அவனுக்குத் தெரிகிற இடத்தில் நில்லுங்கள். கண் திறந்து உங்களைப் பார்க்கும் வரை அப்படியே நில்லுங்கள்.

மு. ஜவாஹிர்